முன் சீட்டில் சொன்னதும் மேடையில் சொன்னதும்

நம் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

முதலில் என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றைக்கும் தடுமாறுவேன். ஸ்டியரிங் பிடித்தே பழகின கைக்குப் பேனா ஒட்டவில்லை. இதை டைப் அடிக்கிறவர் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

முதுகெலும்பு தேய்ந்து வண்டி ஓட்ட முடியாமல் போனதால் ஐம்பதைத் தாண்டின கையோடு வேலையை விட்டேன். வழியனுப்பு நாளில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். மைக்கைக் கையில் வாங்கினேன். வேர்த்துவிட்டது. நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பேசவைக்கிற பிரிவில் இத்தனை வருடம் இருந்தவன் இப்படியா என்று நீங்கள் சிரித்தது எனக்குக் கேட்டது. நியாயமான சிரிப்புதான்.

நம் கம்பெனி ஐஸ் பிளாண்டு நடத்துகிறது. கடற்கரையில் ஐஸ் அடித்து, மீனை ஐஸ் போட்ட லாரியில் உள்ளூர்ச் சந்தைகளுக்குக் கொண்டுவருகிறது. வண்ணார்பேட்டை ஆபீசில் நான் டிரைவர். பெரிய அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு போய் வருவதுதான் வேலை. பிறகு மதுரையிலிருந்து ஒரு மேடம் வந்து நம் பிரிவை ஆரம்பித்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். அதிகாரிகள் தங்களுக்குத் தொழிலில் தெரிந்ததைத் தங்கள் பெயரிலேயே கூட்டங்களில் பேச வேண்டும், பத்திரிகையில் எழுத வேண்டும் என்றார். அதற்கு தாட் லீடர்ஷிப் என்று பெயர் சொன்னார். ஒருவரும் பிடி கொடுக்கவில்லை. நேரமில்லை என்பார்கள், அடுத்த வாரம் என்பார்கள். எல்லாரும் பயந்தார்கள் என்பதுதான் நிஜம். லாபம், நஷ்டம் பற்றி அறைக்குள் மணிக்கணக்கில் பேசுகிறவர்களுக்கு, தன் பெயருக்குக் கீழே தன் வாக்கியம் ஒன்று இருப்பது என்றால் உடனே வேறு வேலை வந்துவிடும்.

மேடம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "உங்க வண்டியில மட்டும் எல்லாரும் பேசுறாங்களாமே, எப்படி?" என்று கேட்டார்.

எனக்கு யார் முகத்தையும் பார்த்துப் பேச வராது. அதனால் வண்டியில் பெரியவர்கள் ஏறினால் உள்கண்ணாடியை மேலே திருப்பிவிடுவேன். பக்கத்துக் கண்ணாடிகளை வைத்தே ஓட்டிப் பழகிவிட்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், ஆபத்து. என் கூச்சத்துக்குச் செய்தேன். ஆனால் தன்னை யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தால் மனுஷன் பேசுவான். இன்னொன்றும் கவனித்திருந்தேன். பின் சீட்டில் இருக்கிறவரை அவர் அதிகாரி. வழியில் டீக்கு இறங்கிவிட்டு, திரும்ப ஏறும்போது தானாக முன் சீட்டில் உட்கார்ந்தால், அவரிடம் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது.

அன்றிலிருந்து நானும் இந்தப் பிரிவில் ஆள். மேடம் ஒரு ரெக்கார்டர் கொடுத்தார். கூடவே ஒரு சட்டமும் போட்டார். "கேட்காம எடுத்தது திருட்டு. போடட்டுமா சார்னு கேட்டுட்டுத்தான் போடணும்." அதிகாரி பேசினதை மேடம் எழுதுவார். எழுதினதை அந்த அதிகாரி முன்னால் நான் வாசிக்க வேண்டும். நான் தடுக்கி விழுகிற வாக்கியம் எல்லாம் அடிபடும். "இசக்கிமுத்து அண்ணன் வாசிக்க முடியாததை அவரும் பேசியிருக்க மாட்டார்" என்பது மேடத்தின் கணக்கு.

அந்த முறை எதற்கென்று முதலில் எனக்கும் புரியவில்லை. மேடம் லீவில் இருந்தபோது, கணக்குப் பிரிவின் தலைவருக்கு ஒரு தம்பி கட்டுரை எழுதிக் கொடுத்தான். நல்ல கெட்டிக்காரன். கேட்டு எழுத நேரமில்லை என்று பெரிய பெரிய வார்த்தையாகத் தானே எழுதிவிட்டான். அவரும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். பாளையங்கோட்டையில் ஒரு கூட்டம். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வந்த ஒருவர் எழுந்து, அதில் ஒரு வரியைச் சொல்லி, இதற்கு என்ன அர்த்தம் என்று மரியாதையாகத்தான் கேட்டார். நம்மவருக்குத் தன் பெயரில் வந்த வரி தனக்கே விளங்கவில்லை. தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார். வண்டியில் வரும்போது பின் சீட்டில் ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு அவர் எந்த மேடையிலும் ஏறவில்லை. ஒருவர் வாயில் இல்லாததை அவர் பெயரில் வைக்காதீர்கள். ஒட்டாது. ஒட்டினாலும் உரியும்போது தோலோடு வரும்.

இனி நான் எழுத வந்தது.

கோமதிநாயகம் சார் நம் கம்பெனிக்கு ஜி.எம். பிளாண்டுகள் எல்லாம் அவர் பொறுப்பு. ஐஸ் பிளாண்டு முதலாளிகள் எல்லாரும் கூடுகிற கூட்டம் ஒன்று திருநெல்வேலியில் நடக்க இருந்தது. அதில் அவரைப் பேச வைக்க மேடமும் நானும் ஒரு வருடம் அலைந்தோம். "நான் பேசி யாருவே கேக்கப் போறா? தூங்கதுக்கு அவியளுக்கு வீட்டுல கட்டில் இருக்கு" என்று தட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் ஒருநாள் மூலைக்கரைப்பட்டி டீக்கடையில் இறங்கி, முன் சீட்டில் ஏறி, "சரிவே, பேரைக் கொடுக்கச் சொல்லும்" என்றார். தொழிலின் வருங்காலம் என்று தலைப்பு. மேடம் ஆபீசுக்கே அல்வா வாங்கிக் கொடுத்தார்.

கூட்டத்துக்குக் கொஞ்சநாள் முன்பு, உவரிப் பக்கம் இருக்கும் நம் பிளாண்டில் அமோனியா கசிந்தது. மிக்கேல் என்கிற ஆபரேட்டர் செத்துப்போனார்.

எப்படி என்று சொல்ல வேண்டும். ஐஸ் பிளாண்டில் குளிரவைப்பது அமோனியா. குழாயின் அடியில் எண்ணெய் வந்து தங்கும். அவ்வப்போது அதை இறக்க வேண்டும். அதற்கு ஒரு வால்வு. கைப்பிடியை அமுக்கிப் பிடித்தால் எண்ணெய் வரும், கையை எடுத்தால் ஸ்பிரிங் இழுத்துத் தானே மூடிக்கொள்ளும். எண்ணெய் தீர்ந்து அமோனியா காற்று சீறினால் கையை எடுத்துவிட்டு ஓடிவிடலாம். ஆனால் எண்ணெய் பையப் பையத்தான் இறங்கும், கை கடுக்கும். அதனால் கைப்பிடியை அமுக்கி வலைக் கயிற்றால் கட்டிப்போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். கடலுக்குப் போன கைகள் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும், நழுவாது. மிக்கேலும் முன்னால் கட்டுமரத்தில் போனவர்தான். அன்றைக்குக் காற்று சீறியபோது அந்த முடிச்சை அவிழ்க்கப் போனார். அமோனியா கண்ணை மறைத்த அவசரத்தில் அது அவிழவில்லை.

கம்பெனியில், வால்வில் கயிறு கட்டியது அவர் தப்பு என்று சொன்னார்கள். வக்கீலும் அதையே சொல்லச் சொன்னார்.

ஜி.எம். சார் துட்டி கேட்க, துக்கம் விசாரிக்கப் போனார். நான்தான் வண்டி ஓட்டினேன். கோயிலுக்குப் பின்னால் மணல் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். மிக்கேலின் மனைவி அமலி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. சார் நாற்காலி நுனியில் இருந்தார். நேரம் ஆனது. சார் எழுந்தார். அப்போது அவள் கேட்டாள்.

"சார், கயிறு கெட்டுனது அவரு தப்புன்னு சொல்லுதாவளாம். நீங்க மாசாமாசம் பிளாண்டுக்கு வருவியள்லா. அந்தக் கயித்தை நீங்க பாத்ததே இல்லியா?"

அதட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சாரைப் பார்த்தார்கள்.

துட்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. எழுந்து பேசாமல் வந்துவிட வேண்டும். அதுதான் வழக்கம். சார் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். திரும்பி நடந்து வந்து வண்டியில் ஏறினார், பின் சீட்டில்.

திசையன்விளை தாண்டி, "நிப்பாட்டும்வே" என்றார். டீக்கடை ஒன்றும் இல்லை. செம்மணல் மேடாகக் கிடக்கிற தேரியும் பனையும்தான். இறங்கினார். வெறுமனே நின்றார். பிறகு முன் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"சொல்லாம வரணுங்கது வழக்கம்" என்றார். "அந்த வழக்கத்துக்குள்ள நான் போயி ஒளிஞ்சுக்கிட்டேன்வே."

நான் வண்டியை எடுக்கவில்லை. ரெக்கார்டர் என் சட்டைப் பையில் இருந்தது.

"நான் பாத்திருக்கேன் இசக்கி. ஒவ்வொரு தடவையும் பாத்திருக்கேன். ரெண்டு ஆளு நிக்க வேண்டிய எடத்துல நாம ஒரு ஆளு போட்டோம். மீன் பிடிக்கப் போற போட்டுக்காரன் ஐஸ் எங்க, ஐஸ் எங்கன்னு போன் மேல போன் போடுதான். ஒத்த ஆளு வால்வைப் பிடிச்சிட்டே நின்னா மத்த வேலையை யாரு பாப்பா? கெட்டிட்டுத்தான் போவான். நான் பாத்துட்டுப் பாக்காத மாரி வந்தேன். நம்ம பிளாண்டு மட்டுமில்லவே, இந்தக் கரை பூராவும் கெட்டித்தான் வச்சிருக்கான்."

போடட்டுமா சார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமல் போடவும் கை வரவில்லை. பையில் இருந்ததைத் தொடவில்லை.

ஆபீசில் இறங்கினதும் மேடம், "ஏதாவது பேசினாரா? எடுத்தீங்களா?" என்றார்.

"பேசுனாவ. எடுக்கல மேடம்."

"நல்லதாப் போச்சு. எடுத்திருந்தா அவர் பேச வேண்டியதை நான் எழுதிடுவேன்" என்றார்.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். இப்போது இருக்கிறவர் அல்ல, இவருடைய தகப்பனார். நாங்கள் எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

"ஏலே, ஜி.எம். வண்டில என்னலே பேசிட்டு வந்தாரு?"

"வெயிலு அண்ணாச்சி. கண்ணை மூடிட்டு வந்தாவ."

"உன் ரெக்கார்டு பொட்டில ஒண்ணும் ஏறலியோ?"

"இல்ல அண்ணாச்சி."

"பேசாத ஆளைப் பேச வைக்கதுக்குத்தானே உன்னை அங்கன போட்டிருக்கு. நல்லா இருக்குலே உன் சோலி." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கூட்டத்துல வருங்காலத்தை மட்டும் பேசச் சொல்லு. இல்லைன்னா ஒடம்புக்கு முடியலைன்னு வீட்டுல இருக்கச் சொல்லு" என்றார்.

இதை நானே போய் ஜி.எம். சாரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கு வீடு டவுனில். சாயங்காலம் அவரைக் கொண்டுவிடப் போகும்போது ஆற்றுப்பாலத்தில் வண்டிகள் நெருக்கி நின்றுவிட்டன. நகரவில்லை. அங்கேதான் சொன்னேன். அவர் கீழே ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீரு என்னவே சொல்லுதீரு? ஒரு வருசமா பேசு பேசுன்னு எம் பின்னாலயே அலைஞ்சீரு. இப்பப் பேசணுமா, வேண்டாமா?"

தம்பிகளே, உங்களுக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும். பேசுங்கள் என்று சொல்லிவிடுவது நமக்கு லேசு. பேசுகிற பெயர் நம்முடையது அல்ல. போகிற வேலை நம்முடையது அல்ல. வேண்டாம் என்பதும் லேசுதான், அந்த மணல் முற்றத்துக்கு நாம் திரும்பப் போக வேண்டியதில்லை. இரண்டையும் விட்டுவிட்டு, அவர் மனைவியை நினைத்து ஒன்றே ஒன்று கேட்டேன்.

"வீட்டுல அக்காகிட்ட கேட்டியளா சார்?"

மறுநாள் காலை கூட்டிவரப் போனபோது பின் கதவை நான் திறந்து பிடிக்க, அவர் முன் கதவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்.

"கேட்டேன்வே. அவ என்ன சொன்னாங்கீரு? 'பேசிட்டு வாங்க. பேசாம வந்துட்டு வீட்டுக்குள்ள மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டு உக்காராதிய, அதை நான்தானே பாக்கணும்'ங்கா."

யாரைப் பேசச் சொல்கிறீர்களோ, அந்தப் பேச்சுக்கு அவரோடு சேர்ந்து விலை கொடுக்கப் போகிறவரை முதலில் கேட்கச் சொல்லுங்கள். இந்த வேலையில் நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான்.

கூட்டம் நடந்த மண்டபம் நிறைந்திருந்தது. பேசி முடிக்கிறவர்களுக்குப் பொன்னாடையும் பத்தமடைப் பாயும் பரிசு. பாய்களைச் சுருட்டி மேசையில் அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொருவர் பேசி முடித்ததும் முதலாளிகள் சங்கத் தலைவர் எழுந்து கொடுப்பார், போட்டோ எடுப்பார்கள். நான் கடைசி வரிசையில் சுவரோரமாக நின்றேன். மேடம் பக்கத்தில் நின்றார். நம் அண்ணாச்சி முதல் வரிசையில் இருந்தார்.

ஜி.எம். சார் மைக்கைப் பிடித்தார். கையில் தாள் ஒன்றும் இல்லை.

"துட்டி வீட்டுல ஒரு பொம்பளை என்கிட்ட ஒண்ணு கேட்டா. பதில் சொல்லாம எந்திரிச்சு வந்துட்டேன். அந்தப் பதிலை இங்கன சொல்லுதேன்" என்றார்.

தேரியில் என்னிடம் சொன்னதைத்தான் சொன்னார். நான் பார்த்தேன், சும்மா இருந்தேன் என்றார். செத்தவன் தப்பு என்று எங்கள் கம்பெனியில் சொல்கிறோம், ஒற்றை ஆளாக அவனை நிறுத்தின தப்பு யாருடையது என்று கேட்டார். உங்கள் பிளாண்டிலும் இந்நேரம் கயிறு கட்டியிருக்கும், இல்லை என்கிறவர் கையைத் தூக்கலாம் என்றார். யாரும் கை தூக்கவில்லை. வருங்காலம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

கைதட்டல் இல்லை. தலைவர் எழுந்திருக்கவில்லை. அடுத்தவர் பெயரை அவசரமாகக் கூப்பிட்டார்கள். சார் நடு வழியாகத் தனியாக நடந்து வந்தார், ஒவ்வொரு வரிசையும் வேறு பக்கம் பார்த்தது. அந்த மேசையில் அவருடைய பாய் கிடந்தது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது. அத்தனை பேர் பார்க்க முன்னால் போய் ஒரு பாயை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தேன். காது இரண்டும் எரிந்தது. மண்டபத்து வாசலில் ஒரு முதலாளி, கூடங்குளம் பக்கத்துக்காரர், தூணுக்குப் பின்னால் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். குரலை அடக்கித்தான் பேசினார். எனக்குக் கேட்டது. "ஏலே, கேள்வி கேக்காத. அந்தக் கயித்தை இப்பவே அறுத்துப் போடு."

வீட்டுக்குக் கூட்டிப்போகும்போது சார் முன் சீட்டில் இருந்தார். பாலம் தாண்டினதும், "அந்தக் கண்ணாடியைக் கீழ இறக்கும்வே. எவன் மேலயாவது கொண்டு விடப்போறீரு" என்றார். இத்தனை வருடமும் அவருக்கு அது தெரிந்திருந்தது. இறக்கிவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். அன்றுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தேன். அப்படி இல்லை. களைத்துப்போன ஒரு மனுஷன்.

உடல்நிலை காரணமாக ஓய்வு பெற்றார் என்று ஆபீசில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கரையில் எந்த ஐஸ் கம்பெனியும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் சொன்னது அவருடைய சொந்தக் கருத்து என்று அறிக்கை எழுதச் சொன்னார்கள். மேடம் எழுத மறுத்துவிட்டு மதுரைக்கே போய்விட்டார். கொஞ்ச காலம் பிளாண்டில் இரண்டு ஆள் போட்டார்கள். மிக்கேலின் தப்பு என்று சொன்னதைக் கம்பெனி மாற்றவே இல்லை. நான் எப்போதாவது டவுனுக்குப் போய் சாரைப் பார்ப்பேன். கூட்டத்தைப் பற்றி நாங்கள் பேசினதில்லை. போன மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். துட்டிக்குப் போனேன். கம்பெனியிலிருந்து வேறு யாரையும் பார்க்கவில்லை. அவரைக் கிடத்தியிருந்தது நான் எடுத்து வந்த அந்தப் பத்தமடைப் பாயில். எழுந்து, சொல்லாமல் வந்தேன்.

நேற்று உவரியில் மிக்கேலின் மகளுக்குக் கல்யாணம். அமலி போன் பண்ணிக் கூப்பிட்டிருந்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள். "அந்த சார் பேசுனதைப் போன்ல போட்டுக் காட்டுனாவ அண்ணே. பதில் வந்துட்டு. அவருதான் வரல" என்றாள். மிக்கேலைச் சொன்னாள்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பிளாண்டு வரை நடந்தேன். வாட்ச்மேன் பழைய ஆள், உள்ளே விட்டார். எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் ஒருவர்தான், நாற்பது வயது இருக்கும், தூரத்தில் ஐஸ் இழுத்துக்கொண்டிருந்தார். வால்வில் நீல வலைக் கயிறு. புதுக் கயிறு.

"ஏங்க, இதை அவுத்துருங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன்.

"நீரு யாருவே?"

"இங்க டிரைவரா இருந்தேன்."

"டிரைவருக்கு வால்வுல என்ன சோலி?"

"மிக்கேல்னு ஒருத்தரு இங்கன வேலை பாத்தாரு. தெரியுமா?"

"தெரியாது. நான் வந்து ஆறு மாசந்தான் ஆச்சு."

நானே போய் முடிச்சில் கை வைத்தேன். நகம் ஏறவில்லை. அவருக்குப் பாவமாக இருந்திருக்கும். "விடும்வே, விடும், நான் அவுக்கேன்" என்று வந்து, நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் அவிழ்த்தார். கைப்பிடி படக்கென்று மேலே ஏறி மூடிக்கொண்டது. நான் கேட்டைத் தாண்டினதும் திரும்பக் கட்டியிருப்பார். அவர் ஒற்றை ஆள், என்ன செய்வார்.

பஸ்ஸில் வரும்போது, இதை யாரைச் சொல்ல வைக்கலாம் என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். பழக்கம். புது ஜி.எம்.மா, சின்ன முதலாளியா, யாரை எந்த டீக்கடையில் இறக்கலாம் என்று. மூலைக்கரைப்பட்டி வந்தபோது, இத்தனை பேர் பெயரில் சொல்ல வைத்தவன் என் பெயரில் ஒன்றும் சொன்னதில்லை என்று உறைத்தது. அதனால் எழுதினேன். நம் உவரி பிளாண்டில் நேற்று மத்தியானம் வால்வில் கயிறு கட்டியிருந்தது. ஒற்றை ஆள்தான் நின்றார். நான் பார்த்தேன்.

இதை முதலாளியிடம் காட்டலாம். என் பெயரை அடித்துவிட வேண்டாம்.

மா. இசக்கிமுத்து
திருநெல்வேலி,
தை மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை.